கிரீஸின் ஆத்தோஸ் தீபகற்பம்: மூன்று இரவுக்கு எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

கேட்டவர்: தெற்குக்காற்று

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் இரண்டாம் வாரம் கிரீஸ் போகிறோம். நான், 14 வயது மகன், மனைவி, அம்மா என நான்கு பேர். தெசலோனிகியில் இறங்கி ஹல்கிதிகி பக்கம் ஒரு வாரம். ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்தியக் கிறிஸ்தவ) துறவிகளின் மடங்கள் நிறைந்த ஆத்தோஸ் தீபகற்பத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று தெரியும். நானும் மகனும் மட்டும் உள்ளே மூன்று இரவு தங்குவதாக எண்ணம்.

தெரிய வேண்டியவை: அனுமதி எப்படி வாங்குவது, எத்தனை நாள் முன்னால்? நான்கு நாளில் எத்தனை மடங்கள் பார்க்க முடியும்? நாங்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இல்லை, இந்துக்கள். விண்ணப்பத்தில் அதை எழுதலாமா? நாங்கள் சைவம், சாப்பாடு கிடைக்குமா? உள்ளே இருக்கும் நாட்களில் மனைவிக்கும் அம்மாவுக்கும் அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது? முடிந்தால் 2,033 மீட்டர் சிகரத்திலும் ஏறிவிட ஆசை.

நீலக்கரை எழுதியது:

வணக்கம் தெற்குக்காற்று. முதலில் ஒன்று: ஆத்தோஸுக்கு விமான டிக்கெட்டிலிருந்து திட்டமிடாதீர்கள். அனுமதி கிடைக்கும் தேதியிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

உள்ளே நுழையும் சீட்டுக்கு தியாமோனிதிரியோன் என்று பெயர். ஒரு நாளைக்கு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு 10 இடம் மட்டும். ஆர்த்தடாக்ஸ் பயணிகளுக்கு 100. நீங்கள் இரண்டு பேர் என்றால் அந்தப் பத்தில் இரண்டு. தெசலோனிகியில் உள்ள யாத்ரீகர் அலுவலகம்தான் பதிவு செய்கிறது. 6 மாதம் முன்பிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அக்டோபர் நல்ல பருவம், அதனால் ஏப்ரலிலேயே எழுதிவிடுங்கள். எந்த நாள் நுழைகிறீர்கள், மாற்றாக எந்த இரண்டு நாள் சரிப்படும் என்று மூன்று தேதி கொடுத்துக் கேளுங்கள். ஒரே தேதி கொடுத்தால் "இடமில்லை" என்ற பதிலோடு அந்தக் கடிதம் முடிந்துவிடும்.

பாஸ்போர்ட்டின் படப் பக்க நகலை அனுப்ப வேண்டும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட், இனிஷியலை விரித்து எழுதிய பெயர், அப்பா பெயர் பின்னால் வரும் பெயர் எல்லாம் கிரேக்க அலுவலகத்தில் குழப்பம் தரும். சீட்டில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் இருந்தால் படகில் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

மதம் என்ற இடத்தில் இந்து என்றே எழுதுங்கள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. மகனின் பெயரையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் தந்தையோடு போவதில் சிக்கல் கிடையாது. மாமாவோடு, தாத்தாவோடு போவதென்றால்தான் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ஆத்தோஸ் ஷெங்கன் எல்லைக்குள்ளேயே இருப்பதால் உள்ளே போய் வருவது விசாக் கணக்கில் வெளியேறியதாக ஆகாது. ஒருமுறை நுழைவு விசாவே போதும்.

தேதி உறுதியான அன்றே அடுத்த வேலை, மடங்களுக்குத் தனித்தனியாக எழுதிப் படுக்கை கேட்பது. யாத்ரீகர் அலுவலகம் உங்களுக்கு நுழைவு தரும், படுக்கை தராது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து வந்து மாலையில் வாசலில் நிற்பவர்கள் உண்டு. சில மடங்கள் மின்னஞ்சலில் பதில் சொல்லும், சில காலையில் ஓரிரு மணி நேரம் மட்டும் தொலைபேசியை எடுக்கும். ஒரு மடத்தில் ஒரு இரவு என்பது வழக்கம். மூன்று இரவுக்கு மூன்று மடம், மூன்று உறுதிக் கடிதம். மூன்றையும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டைக் கையில் வாங்குவது நுழையும் நாள் காலையில், உரானுபோலி ஊரில் உள்ள யாத்ரீகர் அலுவலகத்தில். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். ஒருவருக்கு 50 யூரோவுக்குள் அடங்கும், ரொக்கமாக வைத்திருங்கள். முக்கியமானது இது: சீட்டில் உள்ள நுழைவுத் தேதி அன்றைக்கு மட்டும்தான். படகைத் தவறவிட்டால் மறுநாள் அதே சீட்டோடு போக முடியாது. ஆகவே முந்தைய இரவு உரானுபோலியிலேயே தங்குங்கள். தெசலோனிகியிலிருந்து அதிகாலைப் பேருந்தில் வந்து அன்றே ஏறுவோரும் இருக்கிறார்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு டயர் பஞ்சர் ஆனாலும் ஆறு மாத ஏற்பாடு போய்விடும்.

பேருந்து நிலையம் பற்றியும் ஒரு வரி. தெசலோனிகியின் பெரிய பேருந்து நிலையம் நகரின் மேற்கில் இருக்கிறது. ஹல்கிதிகி பேருந்துகள் புறப்படுவது அங்கிருந்து அல்ல, கிழக்குப் புறத்தில் உள்ள தனி நிலையத்திலிருந்து. டாக்சிக்காரரிடம் "பேருந்து நிலையம்" என்று மட்டும் சொன்னால் மேற்கே கொண்டுபோய் விடுவார். "ஹல்கிதிகி கேடெல்" என்று சொல்லுங்கள், கேடெல் என்பது அங்கே வெளியூர்ப் பேருந்து நிறுவனம்.

நடைவண்டி எழுதியது:

நீலக்கரை சொன்ன தாள் வேலை முடிந்தபின் நடக்கும் வேலைக்கு வருகிறேன்.

நிலத்தின் வழியாக உள்ளே போக வழி இல்லை. தீபகற்பம்தான், ஆனால் பயணிகளுக்கு அது தீவு மாதிரி. எல்லைக் கோட்டில் சாலை அடைபட்டிருக்கும், படகு ஒன்றே வழி. காலை 9:45 வாக்கில் உரானுபோலியிலிருந்து பெரிய படகு கிளம்பி மேற்குக் கரை மடங்களின் துறைகளில் நின்று நின்று ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உள்ளே உள்ள தாஃப்னித் துறைமுகம் சேரும். படகு இருக்கையை ஓரிரு நாள் முன்பே தொலைபேசியில் பதிவு செய்து, காலை எட்டு மணிக்குள் சீட்டையும் டிக்கெட்டையும் வாங்கி முடியுங்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். முந்தைய நாள் மாலை துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் நான்கு நாள். எத்தனை மடம் என்று கேட்டீர்கள். மொத்தம் 20 மடங்கள் உண்டு. நான்கு நாளில் ஏழெட்டைத் தொட்டுவிட்டு வரலாம், ஆனால் அப்படிப் போனால் படகுத் துறைகளையும் சிற்றுந்து இருக்கைகளையும்தான் பார்த்திருப்பீர்கள். மூன்று போதும். அதுவும் ஒரே கரையில் இருக்கட்டும். கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் சேர்த்துப் போட்ட திட்டம் ஒரு பேருந்து தவறினாலே குலைந்துவிடும்.

பையனோடு போவதால் இந்த வரிசையைச் சொல்வேன். முதல் நாள் தாஃப்னியில் இறங்கிய உடனே தெற்கே போகும் சின்னப் படகுக்கு டிக்கெட் எடுங்கள். காபிக்கு நிற்காதீர்கள், அது சீக்கிரம் நிரம்பிவிடும். தியோனிசியு மடத்தில் இறங்கி அன்றிரவு அங்கே. இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் கரையோரப் பாதையில் வடக்கே நடந்து கிரிகோரியு. மூன்றாம் நாள் கிரிகோரியுவிலிருந்து சிமோனோபெத்ரா. நான்காம் நாள் காலை சிமோனோபெத்ராவின் துறைக்கு இறங்கிச் சின்னப் படகில் தாஃப்னி; அங்கிருந்து நண்பகல் பெரிய படகில் உரானுபோலி. ஒவ்வொரு நாளும் நடை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான்.

வரைபடத்தில் பார்த்தால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதை நம்பி, மதியத்துக்கு மேல் கிளம்பலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கரையோரம் ஒவ்வொரு ஓடைக்கும் பாதை கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். சிமோனோபெத்ரா கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் பாறையின் நெற்றியில் நிற்கிறது. கடைசி அரை மணி முழுக்கக் கற்படி. கல் பாவிய பழைய கோவேறு கழுதைப் பாதை அது, மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த விளையாட்டுக் காலணி அதற்கு உதவாது.

வழி தவறுவது எங்கே என்றால், புதிதாக வெட்டிய மண் சாலை பழைய நடைபாதையைக் குறுக்கே வெட்டும் இடங்களில். நடந்து வந்தவர் சாலையைக் கண்டதும் அகலமாக இருக்கிறதே என்று அதிலேயே திரும்பிவிடுவார். அது மலையைச் சுற்றி இரண்டு மடங்கு தூரம் கொண்டு போகும். சாலையில் கால் வைத்ததும் எதிர்ப்பக்கச் சரிவைப் பாருங்கள். பாதை அநேகமாக அங்கே சில அடி தள்ளித் தொடரும், மரத்தில் சிறு பலகை இருக்கும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள், ஓடைப் பள்ளங்களில் சிக்னல் இருக்காது.

நேரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலான மடங்களில் பைசாந்திய நேரம்தான். சூரியன் மறையும்போது கடிகாரம் 12 அடிக்கும், அங்கிருந்துதான் நாள் தொடங்குகிறது. அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் மறைவது மாலை 6:45 சுமார். மடத்துக் கடிகாரத்தில் 9 மணிக்கு வழிபாடு என்று எழுதியிருந்தால், உங்கள் கைக்கடிகாரத்தில் அது அதிகாலை 3:45. இந்தக் கூட்டல் ஒவ்வொரு பருவத்துக்கும் மாறும். ஐவிரோன் மடத்தில் இன்னொரு கணக்கு, அவர்கள் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். விருந்தினர் பொறுப்பாளரிடம் "உலக நேரத்தில் எத்தனை மணி?" என்று கேட்டுக்கொள்வதே நல்லது. தேதியும் அப்படித்தான்: மடங்கள் ஜூலியன் நாட்காட்டியில் 13 நாள் பின்னால் இருக்கின்றன. உங்கள் அனுமதிச் சீட்டும் படகும் நம் தேதியில் ஓடும், திருவிழாக்கள் அவர்கள் தேதியில். நீங்கள் போகும் வாரத்தில் அக்டோபர் 14 அவர்களுக்கு அக்டோபர் 1. ரஷ்ய மரபில் அது பெரிய நாள், ரஷ்யத் துறவிகளின் பந்தெலெய்மோன் மடத்தில் அன்று படுக்கை தேடாதீர்கள்.

சூரியன் மறைந்ததும் பெரிய கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் சாத்தியதுதான், காலையில்தான் திறப்பு. மாலை வழிபாடும் அதை ஒட்டிய சாப்பாடும் அதற்கு முன்பே நடந்துவிடும் என்பதால், பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரத்தை இந்தமுறை விட்டுவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,033 மீட்டரும் ஏற வேண்டும், கார் பாதி வழி கொண்டு போகாது. சரியாகச் செய்தால் முதல் நாள் மாலை தெற்கு முனையில் உள்ள ஆகியா அன்னா துறவியர் குடியிருப்பில் தங்கி, மறுநாள் விடியலில் கிளம்பி, சுமார் 1,500 மீட்டரில் உள்ள பனாகியா தங்குமிடத்தில் மூச்சு வாங்கி, சிகரத்தில் இருக்கும் சின்னக் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அது ஒன்றே ஒரு முழு நாளையும் முழங்காலையும் எடுத்துக்கொள்ளும். அக்டோபரில் பகல் குறைவு, மேலே மேகம் மூடினால் பாறையில் வழி தெரியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நடைவண்டியின் திட்டம் மிக நல்ல திட்டம். அதில் தாஃப்னியிலிருந்து மேலே ஏறும் கார்யெஸ் விடுபட்டுப் போகிறது என்பது மட்டும் எனக்கு வருத்தம். தீபகற்பத்தின் தலைநகர் அது. 20 மடங்களின் பிரதிநிதிகளும் கூடும் இடம். உங்கள் அனுமதிச் சீட்டில் இருக்கும் முத்திரைக்கும் அதுதான் ஊர்: குழந்தையை ஏந்திய மரியாள் பொறித்த அந்த முத்திரை நான்கு துண்டாக, நான்கு நிர்வாகிகளின் கையில் ஆளுக்கொன்றாக இருக்கும். நால்வரும் சேர்ந்தால்தான் முத்திரை. சீட்டைப் பையில் மடித்துப் போடும் முன் கீழே உள்ள நான்கு கையெழுத்தையும் மகனுக்குக் காட்டுங்கள்.

கார்யெஸில் உள்ள புரோத்தாத்தோன் கோயிலின் சுவரோவியங்கள் 1300ஐ ஒட்டியவை, மானுவேல் பன்செலினோஸ் வரைந்ததாகச் சொல்லப்படுபவை. ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் மாற்றுத் திட்டம் ஒன்று: தாஃப்னியிலிருந்து பேருந்தில் கார்யெஸ், புரோத்தாத்தோன் பார்த்துவிட்டு பத்து நிமிட நடையில் கூத்லுமூசியு மடம், அங்கே ஓர் இரவு. மறுநாள் கஷ்கொட்டைக் காடுகள் வழியாக ஒன்றரை மணி நேரம் இறங்கினால் ஸ்தவ்ரோனிகித்தா. மூன்றாம் இரவு கரையோரம் தெற்கே ஐவிரோன். மூன்று நடையும் எளிது, ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம். நான்காம் நாள் ஐவிரோனிலிருந்து சிற்றுந்தில் கார்யெஸ் ஏறி, தாஃப்னிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நண்பகல் படகுக்கு அதுதான் இடறும் இடம், முந்தைய மாலையே சிற்றுந்துக்குச் சொல்லி வையுங்கள்.

ஸ்தவ்ரோனிகித்தா இருபதிலும் சிறிய மடம். 1546இல் கிரீட் தீவின் தியோஃபானிஸ் தீட்டிய ஓவியங்கள் அங்கே உண்டு. அதே தியோஃபானிஸ் 1535இல் மகா லாவ்ரா மடத்தின் பெரிய கோயிலிலும் வரைந்திருக்கிறார். அதைவிட நின்று பார்க்க வேண்டியது புனித நிக்கோலாவின் மொசைக் படம். சிறு சிறு கல்துண்டுகளால் ஆன முகம், நெற்றியில் ஒரு பிளவு. கடலில் கிடந்து வலையில் சிக்கியபோது அந்த இடத்தில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது என்பது மடத்தின் மரபு, அதனால் "சிப்பி நிக்கோலா" என்றே பெயர். விளக்கொளி போதாத மூலையில் இருக்கும். வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்தபின் துறவியிடம் கேட்டால் காட்டுவார்.

மேற்குக் கரைத் திட்டத்தையே வைத்துக்கொண்டால் தியோனிசியுவில் 1547இல் தீட்டிய கோயில் ஓவியங்களையும், உணவுக்கூடத்தின் வெளித் திண்ணையில் இருக்கும் உலக முடிவு பற்றிய வரிசையையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது அந்தத் திண்ணை ஓவியங்கள்தான். கோயிலுக்குள் இருப்பவை மெழுகுத்திரி வெளிச்சத்தில் பாதி தெரியும், பாதி தெரியாது. சிமோனோபெத்ரா 1891 தீயில் எரிந்து மறுபடி எழுந்தது. வெளிப்புற மரத் தாழ்வாரத்தில் பலகை இடுக்கு வழியாகக் கீழே கடல் தெரியும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர் சுவர்ப் பக்கமாக நடக்க வேண்டும்.

இப்போது வீட்டுப் பெண்கள். பெண்களுக்கான தடை 1046ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலிருந்தே எழுத்தில் இருக்கிறது, 1953இலிருந்து மீறுவோருக்குக் கிரேக்கச் சட்டத்தில் சிறைத் தண்டனையும் உண்டு. இரக்கம் காட்டி ஒரு மணி நேரம் விடுவார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கடலில் இருந்து பார்க்கலாம். உரானுபோலியிலிருந்து மேற்குக் கரையை ஒட்டிச் சுற்றுப் படகுகள் போகின்றன, சுமார் மூன்று மணி நேரம். பெண்கள் இருக்கும் படகு கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளியே போக வேண்டும். போகும்போது இடது பக்கம் உட்காரச் சொல்லுங்கள், கரை அந்தப் பக்கம். காலைப் படகைவிட மதியப் படகு நல்லது: காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் நின்று மடங்கள் கறுப்பாகத் தெரியும், மதியத்துக்கு மேல் வெயில் சுவரில் நேராக விழும். ஒரு தொலைநோக்கி கையில் இருந்தால் சிமோனோபெத்ராவின் தாழ்வாரத்தையே எண்ணிவிடலாம்.

உரானுபோலிக் கடற்கரையில் நிற்கும் கோபுரம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஊரிலிருந்து எல்லைப் பக்கம் நடந்தால் சீகூ என்ற பழைய மடத்தின் அகழ்வு இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு மடம், எல்லைக் கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்துவிட்டதால் பெண்களும் போகலாம். பிரான்கோகாஸ்த்ரோ என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஓர் ஆத்தோஸ் மடத்தின் தரை அமைப்பை, கோயில் எங்கே, கோபுரம் எங்கே, சுற்றுச்சுவர் எங்கே என்று அம்மாவும் பார்த்துத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. திறந்திருக்கும் நேரத்தை ஊரில் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கார் இருந்தால் தவறவிடக் கூடாதது திரிபித்திக்கும் நேயா ரோதாவுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி. தீபகற்பத்தின் கழுத்து அது, இரண்டு கிலோமீட்டர்தான் அகலம். பொ.மு. 492இல் தளபதி மார்தோனியஸின் பாரசீகக் கடற்படை ஆத்தோஸ் முனையைச் சுற்றும்போது புயலில் சிக்கி நொறுங்கியது. ஏறக்குறைய 300 கப்பல், 20,000க்கு மேற்பட்ட ஆட்கள் என்கிறார் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ். அந்த முனையைச் சுற்றவே வேண்டாம் என்று அடுத்த படையெடுப்புக்காகப் பாரசீக மன்னர் செர்க்ஸஸ் இந்தக் கழுத்தில் கால்வாய் வெட்டினார். வெட்டியவர்களில் ஃபினீசியர்கள் மட்டும் மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகலாகவும் சரிவாக வெட்டினார்களாம். மற்றவர்கள் நேராக வெட்டிக் கரை சரிந்து இரட்டை வேலை பார்த்தார்கள். 1990களில் பிரிட்டிஷ், கிரேக்க ஆய்வாளர்கள் நிலத்தடி அலை ஆய்வில் அது உண்மையிலேயே கரையிலிருந்து கரைவரை வெட்டப்பட்டது, மேலே சுமார் 30 மீட்டர் அகலம் என்று உறுதி செய்தார்கள். இன்று தண்ணீர் இல்லை. வயல்களுக்கு நடுவே நிலம் லேசாகத் தாழ்ந்து ஓடுவது மட்டும் தெரியும். முன்பே படித்துவிட்டுப் போனால்தான் கண்ணுக்குப் படும்.

வடக்கே ஒலிம்பியாதா கிராமத்தை ஒட்டிய கடல் முனையில் பழைய ஸ்தகேரா, அரிஸ்டாட்டில் பிறந்த ஊர். கோட்டைச் சுவரும் தெருக்களும் வெளியே தெரிகின்றன, ஏற்றம் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கீழ்ப்பகுதியோடு திரும்பலாம்.

தெற்குக்காற்று எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சிகரத்தை விட்டுவிட்டேன். மேற்குக் கரைத் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு சந்தேகம் பாக்கி. சைவச் சாப்பாடு, பிறகு வழிபாட்டு நேரத்தில் நாங்கள் உள்ளே போகலாமா, எங்கே நிற்பது? பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதையும் சொன்னால் நலம்.

நீலக்கரை எழுதியது:

சாப்பாட்டில் கவலை வேண்டாம். மடங்களில் இறைச்சி சமைப்பதே இல்லை. திங்கள், புதன், வெள்ளி விரத நாட்கள்: மீன், முட்டை, பால், எண்ணெய் எதுவும் கிடையாது. அவித்த பருப்பு, கீரை, ரொட்டி, ஆலிவ், பழம். மற்ற நாட்களில் பாலாடைக்கட்டி வரும், விழா நாட்களில் மீனோ கணவாயோ வரலாம். அது தட்டில் முன்கூட்டியே பரிமாறி வைத்திருப்பார்கள், தொடாமல் விட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உங்கள் மூன்று இரவில் இரண்டு விரத நாள் விழும்படி நுழைவுத் தேதியைக் கேட்டாலும் கேட்கலாம்.

பார்த்துக்கொள்ள வேண்டியது வேகம். உணவுக்கூடத்தில் ஒரு துறவி உரக்கப் படிக்க, மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் மணி அடிக்கும். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், தட்டில் பாதி இருந்தாலும் எழ வேண்டியதுதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான். வளரும் பையனுக்கு அது போதாது, பேரீச்சம்பழமும் வேர்க்கடலையும் ஒரு கிலோவாவது எடுத்துப் போங்கள். மடத்தில் சேர்ந்ததும் விருந்தினர் அறையில் தண்ணீர், காபி, லூக்கூமி என்ற இனிப்பு, ஒரு சிறு கோப்பை மதுபானம் தருவார்கள். அந்தக் கோப்பையை மட்டும் புன்னகையோடு ஒதுக்கி வைத்தால் போதும்.

வழிபாடு மடத்துக்கு மடம் வேறுபடும். சில இடங்களில் ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர் கோயிலின் முன்மண்டபத்தில் நிற்க வேண்டும், சில இடங்களில் உள்ளேயே சுவரோர மர இருக்கையில் இடம் காட்டுவார்கள். சாப்பாட்டுக்கும் சில மடங்களில் தனிப் பந்தி. வந்ததும் விருந்தினர் பொறுப்பாளரிடம் "நாங்கள் ஆர்த்தடாக்ஸ் இல்லை, எங்கே நிற்கட்டும்?" என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள். கேட்காமல் உள்ளே போய்விட்டு நடுவில் வெளியே அனுப்பப்படுவது இரு தரப்புக்கும் சங்கடம். நற்கருணை (வழிபாட்டில் தரும் புனித அப்பமும் திராட்சை ரசமும்) வாங்கும் வரிசையில் நிற்கக் கூடாது. கால்மேல் கால் போடாமல், கையைப் பின்னால் கட்டாமல் இருங்கள். அதிகாலையில் துறவி நீண்ட மரப் பலகையைத் தோளில் தாங்கி, சுத்தியலால் தட்டிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வருவார். அதுதான் அழைப்பு. முழு நான்கு மணி நேரமும் நிற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கடைசி ஒரு மணி நேரம் போனால் வழிபாடு முடிந்து நேரே உணவுக்கூடத்துக்குப் போகும் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். முழுவதும் தூங்கிவிட்டால் சாப்பாடும் போய்விடும்.

முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை இருவருக்கும் கட்டாயம். மகனுக்கு அரைக்கால் சட்டை எடுத்து வைக்கவே வேண்டாம். கோயிலுக்குள் தொப்பி கூடாது. கடலில் குளிக்கக் கூடாது, எவ்வளவு அழகான கரையாக இருந்தாலும். வீடியோ எடுப்பதும் டிரோனும் தடை. துறவிகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கோயிலுக்குள் எடுக்கவே கூடாது.

நடைவண்டி எழுதியது:

பை ஆளுக்கு 6 கிலோவைத் தாண்ட வேண்டாம். பெரிய பெட்டி மனைவியோடு ஓட்டலில் இருக்கட்டும். தலையில் மாட்டும் விளக்கு (மின்சாரம் இரவில் நின்றுவிடும் மடங்கள் உண்டு, கழிப்பறை தாழ்வாரத்தின் மறுகோடியில் இருக்கும்), உள்ளே நடக்கச் செருப்பு, துண்டு, கழிப்பறைத் தாள் ஒரு சுருள், மழை உடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பி, காது அடைப்பான். பொது அறையில் எட்டுப் பத்துப் பேர் தூங்குவார்கள், குறட்டைக்கு மொழி கிடையாது. வெந்நீர்க் குளியல் எல்லா மடத்திலும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். படகு, பேருந்து, மெழுகுத்திரிக் காணிக்கை எல்லாவற்றுக்கும் 5, 10 யூரோத் தாள்களாக ரொக்கம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மடம் பணம் கேட்காது.

கடைசியாகக் காற்று. அக்டோபரில் காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அபகோரெஃப்திகோ என்ற சொல்லைத் துறையில் கேட்டால் அதுதான் விஷயம். முதலில் நிற்பது தாஃப்னிக்குத் தெற்கே ஓடும் சின்னப் படகு. சிமோனோபெத்ராவில் அப்படி மாட்டினால் பதறாமல் விருந்தினர் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மண் சாலையில் வண்டி கிடைக்கலாம், இல்லாவிட்டால் சுமார் இரண்டு மணி நேர நடை. ஆகவே நான்காம் நாள் காலை சாப்பாடு முடிந்ததும் முதல் வேலையாகத் துறையில் படகு ஓடுகிறதா என்று விசாரியுங்கள், ஒன்பது மணிக்கு மேல் விசாரித்தால் நடந்து சேர நேரம் இருக்காது. பெரிய படகும் நின்றுவிட்டால் உள்ளேயே இன்னொரு இரவு. அதற்காகத்தான் சொல்கிறேன், வெளியே வரும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் வெறுமையாக விடுங்கள். மனைவியிடமும் "இரண்டு மணிக்குப் படகில் இல்லையென்றால் மறுநாள் வருவோம்" என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அம்மா துறையிலேயே உட்கார்ந்திருப்பார்.

தாஃப்னியில் ஏறும் முன் பையைத் திறந்து பார்ப்பார்கள். பழம்பொருள் வெளியே போகாமல் இருக்கச் செய்யும் சோதனை அது. கடையில் வாங்கிய படத்துக்கும் செபமாலைக்கும் ரசீதை மேலாகவே வையுங்கள். 11 மணிக்கே வரிசையில் நின்றால் நல்லது.